மண் சாட்சி சொல்லும்

(வடமதுரையில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ பயானின் எழுத்து வடிவம்)

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃத்.

 

முந்தைய நபிமார்களின் சமுதாயத்துக்குக் கிடைக்காத சில சலுகைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. அதில் ஒன்று, இந்தப் பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாகவும் சுத்தம் செய்யும் பொருளாகவும் ஆக்கப்பட்டது. தண்ணீர் கிடைக்காவிட்டால் மண்ணில் கையை அடித்து முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டு தக்பீர் கட்டி விடுகிறோம். தயம்மும் எத்தனை இலேசான காரியம்! மண் சுத்தமானது, நம்மையும் சுத்தமாக்கும் என்பது மார்க்கம் நமக்குக் கொடுத்த நம்பிக்கை.

அந்த மண்ணே நஞ்சாகிப் போனால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. இன்று உலகத்தில் மனிதன் கால் வைக்கக் கூடாது என்று கம்பி வேலி போட்ட மண் இருக்கிறது. போட்டவன் செத்துப் போனான், போட்ட குண்டு வெடித்து முடிந்தது, சண்டை எதற்காக என்பதே பல பேருக்கு மறந்து விட்டது. மண்ணில் இறங்கிய மருந்து மட்டும் போகவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். தூரத்து ஊர்களில் தொடங்கி, கடைசியில் நம் திண்டுக்கல்லுக்கும் இந்த வடமதுரைக்கும் வருவோம். பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு வயலுக்கும் கழுதைகளுக்கும் இறங்கிய வசனம்

பகரா அத்தியாயத்தின் 205வது வசனத்தில் அல்லாஹ் ஒரு மனிதனின் குணத்தைச் சொல்கிறான். நேரில் வந்தால் இனிக்க இனிக்கப் பேசுவான். முதுகைத் திருப்பியதும் பூமியில் குழப்பம் செய்யக் கிளம்பி விடுவான். விளைச்சலையும் சந்ததியையும் அழிப்பான் என்பது அதன் கருத்து. 'ஹர்ஸ்' என்றால் விளைச்சல். 'நஸ்ல்' என்றால் சந்ததி. அக்னஸ் பின் ஷரீக் என்பவன் விஷயத்தில் இது இறங்கியது என்று தஃப்ஸீர்களில் ஓர் அறிவிப்பு வருகிறது. மதீனாவுக்கு வந்து நபி (ஸல்) அவர்களிடம் அன்பொழுகப் பேசி விட்டு, திரும்பிப் போகிற வழியில் முஸ்லிம்களின் ஒரு வயலைக் கொளுத்தினான், கழுதைகளின் காலை வெட்டினான்.

ஒரு வயல், சில கழுதைகள். அவ்வளவுதான் அங்கே நடந்த சேதம். அதற்கே கியாமத் நாள் வரை ஓதப்படும் வசனம் இறங்கியது என்றால், நாடு நாடாக வயலையும் காட்டையும் நஞ்சால் நனைத்தவர்களின் கதி என்ன? இதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

வியட்நாமில் 1961 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் களைக்கொல்லியைத் தெளித்தன. எதிரி ஒளிந்துகொள்ளக் காடு இருக்கக் கூடாது, அவன் சாப்பிட வயல் இருக்கக் கூடாது என்பது நோக்கம். 7 கோடி லிட்டருக்கும் மேல் கொட்டினார்கள். அதில் பெரும்பங்கு 'ஏஜெண்ட் ஆரஞ்சு'. மருந்தின் நிறம் ஆரஞ்சு இல்லை; அந்த பேரலைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை அடித்திருப்பார்கள், அதனால் அந்தப் பெயர். இரண்டு களைக்கொல்லிகளைச் சரிபாதி கலந்தது. ஒன்றின் பெயர் 2,4-டி. மற்றது 2,4,5-டி. இந்த இரண்டாவதைத் தயாரிக்கும்போது டையாக்ஸின் என்ற பொருள் கலப்படமாக உள்ளே வந்து விட்டது. மனிதன் உண்டாக்கியவற்றில் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது.

இலை உதிர்ந்தது. போர் 1975-இல் முடிந்தது. டையாக்ஸின் முடியவில்லை. அது தண்ணீரில் கரையாது. மண்ணோடும் சேற்றோடும் ஒட்டிக்கொள்ளும். சேற்றிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மனிதனின் கொழுப்புக்கு, தாயின் கொழுப்பிலிருந்து பாலுக்கு. ஒரு மனிதனின் உடலில் புகுந்தது பாதியாகக் குறைவதற்கே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டா நாங் விமானத் தளத்தில் மருந்து பேரல்களை வைத்திருந்த இடத்து மண்ணைத் தோண்டி எடுத்து, பெரிய அடுப்பு மாதிரி கட்டி 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, 2018-இல்தான் அந்த வேலையை முடித்தார்கள். பியென் ஹோவா என்ற இன்னொரு தளத்தில் 2019-இல்தான் தொடங்கினார்கள். ஹர்ஸ், நஸ்ல் என்று அல்லாஹ் இரண்டையும் சேர்த்துச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். வயலில் அடித்தது பேரப் பிள்ளையைத் தொடுகிறது.

பிரான்ஸ் நாட்டில் வெர்டன் என்ற ஊர். முதல் உலகப் போரில் 1916-ஆம் ஆண்டு மாதக்கணக்கில் பீரங்கிச் சண்டை நடந்த இடம். போர் முடிந்தபின் மிச்சமிருந்த விஷக் குண்டுகளை அங்கே ஓரிடத்தில் குவித்து எரித்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகிறது. இன்றும் அந்தத் திட்டில் ஆர்செனிக் நிறைந்து கிடக்கிறது, புல் கூடச் சரியாக முளைப்பதில்லை. எரித்தால் போய்விடும் என்று நினைத்தார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

கலிமா சொன்ன கைகளும்

ஜுமுஆ மேடைகளில் இந்தப் பேச்சு வரும்போது அமெரிக்காவைத் திட்டி விட்டு முடித்து விடுகிறோம். அது நியாயம் இல்லை. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து ஊரில் விஷவாயுக் குண்டு விழுந்தது. சுமார் 5,000 பேர், பெண்களும் குழந்தைகளும், தெருவிலும் வாசற்படியிலும் விழுந்து கிடந்தார்கள். செத்தவர்கள் முஸ்லிம்கள். குண்டு போட உத்தரவிட்ட சதாம் ஹுசைனும் கலிமா சொன்னவர்தான். மூன்று வருஷம் கழித்து அதே ராணுவம் குவைத்தை விட்டுப் போகும்போது 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்தி விட்டுப் போனது. வளைகுடாவுக்குப் பிழைக்கப் போய் வந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். 1990-இல் குவைத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் அழைத்து வந்த கதை உங்களுக்குத் தெரியும். கடைசிக் கிணற்றை 1991 நவம்பரில்தான் அணைத்தார்கள். பட்டப்பகலில் விளக்குப் போட்டு வண்டி ஓட்டினார்கள். எரியாமல் வழிந்த எண்ணெய் பாலைவனத்தில் ஏரியாகத் தேங்கி, மணலோடு இறுகித் தார் ரோடு மாதிரி ஆகி விட்டது. அந்த மண்ணைச் சுத்தம் செய்ய முப்பது வருஷம் கழித்தும் ஒப்பந்தம் போட்டுக் கொண்டிருந்தார்கள்.

அதே 1991 போரில் ஈராக்கிலும் குவைத்திலும் சுமார் 300 டன் யுரேனியக் குண்டுகளை அமெரிக்காவும் பிரிட்டனும் சுட்டன. அந்த உலோகத்தின் கதிர் பாதியாகக் குறைய 450 கோடி ஆண்டுகள். காஸாவில் இடிந்து கிடக்கும் கட்டடக் குவியல் 3.9 கோடி டன் என்று 2024 ஜூனில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டது. அதற்குப் பிறகும் குண்டு நிற்கவில்லை. கல்நார்த் தூசி, வெடிக்காத குண்டு, சாக்கடை, அடியில் ஜனாஸாக்கள் எல்லாம் அந்தக் குவியலில் ஒன்றாகக் கிடக்கின்றன. அல்லாஹ் அந்த மக்களுக்கு உதவி செய்வானாக. ஆமீன்.

நம் மொழி பேசும் மண்ணையும் சொல்லியாக வேண்டும். 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். உடுத்திய துணியோடு போனார்கள். 2009 மே மாதம் போர் முடிந்து அந்தக் குடும்பங்களும், வன்னியின் தமிழ்க் குடும்பங்களும் ஊர் திரும்பியபோது, தன் சொந்தத் தோட்டத்தில் கால் வைக்கப் பயம். இரண்டு பக்கமும் புதைத்த மிதிவெடி. யாழ்ப்பாணம் போர்க்காலத்தில் நாட்டின் மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. எண்ணெய் எரித்துத்தான் மின்சாரம். சுண்ணாகத்து மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அது சுண்ணாம்புக்கல் பூமி. மேலே ஊற்றினால் கீழே நேராக இறங்கி விடும், குடிக்க வேறு ஆறும் கிடையாது. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அங்கே மின்சாரம் தயாரித்த தனியார் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் வரும், போகும். கிணறு?

தேனீயா, பேரீச்சையா?

ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பும்போது யஸீத் பின் அபீ ஸுஃப்யான் (ரலி) அவர்களோடு நடந்தே போய் வழியனுப்பி, பத்து விஷயங்களைச் சொல்லி அனுப்பினார்கள். முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) பதிவு செய்கிறார்கள். பெண், குழந்தை, முதியவரைக் கொல்லாதீர், கனி தரும் மரத்தை வெட்டாதீர், குடியிருப்பைப் பாழாக்காதீர், சாப்பிடும் தேவைக்கே தவிர ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்காதீர் என்று போகிறது அந்த உபதேசம். அதில் ஒரு சொல் சில பிரதிகளில் 'நஹ்ல்' என்று இருக்கிறது, சிலவற்றில் 'நக்ல்'. அரபியில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். புள்ளி இருந்தால் பேரீச்ச மரத்தை எரிக்காதே என்று பொருள். புள்ளி இல்லாவிட்டால் தேனீயை எரிக்காதே, அதைக் கலைத்து விடாதே என்று பொருள். எது சரி என்று உலமாக்கள் பேசியிருக்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டுமே அந்த மனிதரின் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தைதான் என்று தோன்றுகிறது. போருக்குப் போகிற படைக்குத் தேனீயைப் பற்றி யோசிக்கச் சொல்லும் மார்க்கம் இது. நம்மூர் முருங்கைத் தோட்டக்காரர்களுக்குத் தேனீயின் அருமை தெரியும். அது வராவிட்டால் பூ பூத்து உதிரும், காய் பிடிக்காது.

ஒரு சகோதரர் கேட்கலாம்: பனூ நளீர் முற்றுகையில் சில பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டதை ஹஷ்ர் அத்தியாயமே சொல்கிறதே? ஆம், சொல்கிறது. போர்த் தேவைக்காக எந்த அளவு கூடும் என்பதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆனால் வெட்டிய மரத்தின் பக்கத்தில் கன்று முளைக்கும். மண் அப்படியே இருக்கும். மண்ணையே கொல்லும் காரியத்தை அதோடு ஒப்பிட எந்த வழியும் இல்லை.

போர் மருந்து கடைக்கு வந்த கதை

இப்போது நம் ஊருக்கு வருகிறோம்.

1936-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியல் அறிஞர் பூச்சிமருந்து தேடிக் கொண்டிருந்தார். பாஸ்பரஸ் சேர்ந்த ஒரு பொருளைச் செய்தார். அது பூச்சியைக் கொன்றது, ஒரு துளி சிந்தியதில் அவருக்கே பார்வை மங்கி மூச்சு முட்டியது. ஜெர்மன் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. அதுதான் 'டபுன்', உலகத்தின் முதல் நரம்பு விஷவாயு. அந்தக் குடும்பத்தில் வீரியம் குறைந்த பிள்ளைகளைப் போருக்குப் பிறகு பாட்டிலில் அடைத்து விவசாயிக்கு விற்றார்கள். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் என்று 'பாஸ்' என முடியும் மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள் இல்லையா? அந்தக் குடும்பம்தான் அது. ஹலப்ஜாவில் மனிதனின் எந்த நரம்பை அடைத்ததோ அதே நரம்பைத்தான் இதுவும் அடைக்கும். கண்மணி சுருங்கும், வாயில் எச்சில் வழியும், மூச்சு நிற்கும். மருந்தடித்து விட்டு மயங்கி விழுந்தவரை ஜி.ஹெச்-சுக்குத் தூக்கிப் போனால் டாக்டர் போடும் அட்ரோபின் ஊசியும், விஷவாயு பட்ட சிப்பாய்க்குப் போடும் ஊசியும் ஒன்றேதான்.

2013 ஜூலையில் பீகாரில் ஒரு பள்ளிக்கூடத்து மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. மருந்து இருந்த கேனில் எண்ணெய் வைத்திருந்ததுதான் காரணம் என்றார்கள். நம் வீட்டில் மருந்து கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிறோமா இல்லையா? தோட்டத்தில் போய்ப் பாருங்கள்.

ஏஜெண்ட் ஆரஞ்சில் பாதி 2,4-டி என்று சொன்னேன் அல்லவா? அந்த 2,4-டி இன்றும் மருந்துக் கடையில் சட்டப்படி விற்கும் களைக்கொல்லி. நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கிறோம். டையாக்ஸின் பிரச்சினை மற்றதில்தான் பெரிதாக இருந்தது; எனவே கடைக்காரர் ஏஜெண்ட் ஆரஞ்சு விற்கிறார் என்று வெளியே போய்ச் சொல்லாதீர்கள், அது பொய்யாகி விடும். ஆனால் ஒன்று உண்மை. இந்த மருந்து மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. தக்காளி, முருங்கை, பருத்தி, மல்லிகை மாதிரி அகன்ற இலைப் பயிரில் காற்றோடு துளி போனாலே இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொள்ளும். வடமதுரையிலும் அய்யலூரிலும் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் சோளம், அந்தப் பக்கம் தக்காளி. காலையில் காற்றடிக்கும்போது டேங்கைத் தோளில் மாட்டிக் கொண்டு அடித்தால், பக்கத்துத் தோட்டக்காரரின் ஒரு பருவம் போயிற்று. அவர் வட்டிக்கு வாங்கி நாற்று நட்டிருப்பார். எந்த நோய் வந்தது என்றே தெரியாமல் இன்னொரு மருந்தை வாங்கி அடிப்பார்.

அண்டை வீட்டார் தன் தொல்லையிலிருந்து பயமற்றிருக்காத வரை ஒருவர் முஃமின் ஆக மாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சத்தியம் செய்து சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அண்டை வீட்டார் என்றால் சுவரை ஒட்டியவர் மட்டும் இல்லை, வரப்பை ஒட்டியவரும்தான். அவர் ராவுத்தரா, நாயக்கரா, கவுண்டரா என்று அந்த ஹதீஸ் கேட்கவில்லை. தெரிந்தே ஒருவர் பயிரைக் கெடுத்தால் ஈடு கொடுப்பது கடமை என்பதில் ஃபிக்ஹு நூல்களில் சந்தேகம் கிடையாது. தெரியாமல் கெடுத்தாலும் பொருளுக்கு ஈடு உண்டு, பாவம்தான் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகும் முன் கடன்காரர் பட்டியல் எழுதுகிறோமே, அதில் இதுவும் சேரும்.

தோல்

அடுத்ததைச் சொல்ல எனக்கே தயக்கம்தான். ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தப் பயானுக்கு அர்த்தம் இல்லை.

திண்டுக்கல்லுக்குப் பூட்டு மாதிரியே தோலும் அடையாளம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு குரோமியம் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, ஏற்றுமதி பெருகியது. பல குடும்பங்கள் பிழைத்தன, பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்தன. தொழிலில் எல்லாச் சமுதாயத்தாரும் இருந்தார்கள், முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். இதை மறைக்கத் தேவையில்லை, தோல் தொழில் ஹலாலான தொழில்.

கழிவு நீர் எங்கே போனது? 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மிகப் பேர்பெற்ற தீர்ப்பு அது. அதில் நம் திண்டுக்கல் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கு: குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டு விட்டன. தமிழகத்துத் தோல் பகுதிகளில் மொத்தமாக 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனது. கெடுத்தவரே சீராக்கும் செலவைத் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தோல் ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது.

அங்கே எந்தப் போரும் நடக்கவில்லை. வெர்டனில் பீரங்கி செய்ததை இங்கே ஒரு வாய்க்கால் செய்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, நிலைமை முன்னைவிட மாறியது. பொறுப்போடு தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் முன்பே இறங்கியதை யார் திரும்ப எடுப்பது? குரோமியம் மக்கிப் போகிற பொருள் இல்லை. உப்பும் அப்படித்தான்.

தோல் ஷாப்பே இல்லாத வடமதுரையில் இதை ஏன் பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று நாம் குர்பானித் தோலை மதரஸாவுக்குக் கொடுக்கிறோம். நல்ல காரியம். அந்தத் தோலுக்கு உப்புப் போடுகிறோம், லோடு ஏற்றுகிறோம். யாருக்கு விற்கிறோம், அவர் அதை எங்கே கழுவுகிறார் என்று எந்த ஜமாஅத்தாவது கேட்டதுண்டா? விலை மட்டும் கேட்கிறோம். இந்த வருஷத்திலிருந்து கேட்க வேண்டும் என்று நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். பத்து ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, சுத்திகரிப்போடு இணைந்த இடத்துக்கே கொடுப்போம்.

மஸ்அலா ஒன்றும் இதில் இருக்கிறது. கழிவு கலந்து நிறமும் வாடையும் மாறிய கிணற்று நீரில் ஒளூ செய்யலாமா? நஜீஸ் கலந்து தண்ணீரின் நிறமோ ருசியோ வாடையோ மாறியிருந்தால் கூடாது. நஜீஸ் இல்லாவிட்டாலும், அந்தத் தண்ணீர் தோலுக்குத் தீங்கு என்று அனுபவத்திலோ மருத்துவர் சொல்லிலோ தெரிந்து வேறு தண்ணீரும் இல்லையென்றால், தயம்மும் செய்து கொள்ளலாம். எந்த மண்ணில் செய்வது என்பதுதான் அங்கே இருப்பவரின் கேள்வி.

ஒயர் எரிக்கும் புகை

இன்னும் ஒன்று. வெர்டனில் எரித்தால் போய்விடும் என்று நினைத்தார்கள் என்றேன். நம்மில் பழைய இரும்பு வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறீர்கள். உழைத்துச் சாப்பிடும் தொழில், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இருட்டிய பிறகு கடைக்குப் பின்னாலும் குளத்துக் கரையிலும் ஒயரைக் குவித்து எரித்துச் செம்பு எடுக்கிறார்களே, அந்தப் புகை என்ன தெரியுமா? ஒயரின் மேலுறை பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. செம்பும் சேர்ந்து குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்ஸின் உண்டாகிறது. வியட்நாமில் மண்ணைத் தோண்டி அடுப்பில் வைத்து அழித்தார்களே, அதே வகைப் பொருளை நாம் இங்கே புதிதாகச் செய்து ஊருக்குள் விடுகிறோம். யாரும் நம்மீது குண்டு போடவில்லை.

சாம்பலில் கோழி கிளறுகிறது. அந்தக் கோழியின் முட்டையை, சத்து என்று சொல்லிப் பேத்திக்குக் கொடுக்கிறோம்.

செம்பு ஹலால். எரிப்பது அடுத்தவருக்குத் தீங்கு. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் வரும் ஹதீஸின் மேல்தான் ஃபிக்ஹின் ஒரு பெரிய சட்டவிதியே கட்டப்பட்டிருக்கிறது. ஒயர் உரிக்கும் மெஷின் இருக்கிறது. கையால் உரிப்பவர்களும் இருக்கிறார்கள். நேரம் ஆகும், ஆகட்டுமே. மஹல்லாவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவது பெரிய காரியம் இல்லை. பைத்துல்மாலிலிருந்து கடனாகக் கொடுக்க முடியுமா என்று நிர்வாகம் ஆலோசிக்கலாம்.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போய் ஏன் தொந்தரவு கொடுக்க வேண்டும் என்று தங்கள் பங்கில் ஓட்டை போடப் பார்க்கிறார்கள். அவர்கள் நோக்கம் கெட்டது இல்லை, கவனியுங்கள். தன் இடம், தன் தேவை. விட்டு விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். என் கடை, என் குப்பை, என் வரப்பு என்று சொல்பவரிடம் சண்டை போடத் தேவையில்லை. கையைப் பிடிக்க வேண்டும்.

ஸில்ஸால் அத்தியாயத்தில், அந்த நாளில் பூமி தன் செய்திகளைச் சொல்லும் என்று வருகிறது. அது என்ன செய்தி என்று நபி (ஸல்) அவர்கள் சஹாபாக்களிடம் கேட்டு, தன் முதுகின் மீது ஒவ்வோர் ஆணும் பெண்ணும் என்ன செய்தார் என்று பூமி சாட்சி சொல்லும் என விளக்கிய ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. மண் எப்படிப் பேசும் என்று முன்பு ஆச்சரியப்பட்டிருப்போம். இப்போதே அது பேசிக் கொண்டுதானே இருக்கிறது? ஒரு கைப்பிடி மண்ணை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், எந்த வகை மருந்து, எவ்வளவு என்று எண்ணிச் சொல்லி விடுகிறது. அல்லாஹ்வின் முன்னால் யார் அடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

யா அல்லாஹ்! எங்கள் மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் சீராக்குவாயாக. காஸாவிலும் ஈழத்திலும் ஈராக்கிலும் எங்கெல்லாம் போரால் பூமி கெட்டுப் போனதோ அங்கே வாழும் மக்களுக்கு நிம்மதியைத் தருவாயாக. எங்கள் பிள்ளைகளையும் பயிரையும் எங்கள் கைகளின் தீங்கிலிருந்தே காப்பாற்றுவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

ஓர் அறிவிப்பு. இன்று அஸருக்குப் பிறகு விவசாயச் சகோதரர்களும் பழைய இரும்புக் கடைச் சகோதரர்களும் மதரஸா கூடத்தில் சிறிது நேரம் உட்கார வேண்டுகிறோம். காலி மருந்து பாட்டில்களைக் கிணற்றிலும் குளத்திலும் போடாமல் ஓரிடத்தில் சேர்ப்பது பற்றியும், அந்த மெஷின் பற்றியும் பேசி முடிவெடுக்கலாம்.

சுன்னத் தொழாதவர்கள் தொழுது கொள்ளுங்கள்.